கொழுப்பு மாத்திரை போட்டுக்கொண்டு மலை ஏறலாமா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, ஒரே சந்தேகத்தைச் சுற்றியே வந்தன: கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடலை எவ்வளவு வருத்தலாம்? ஒரு பொது மருத்துவரும் ஓர் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். இங்கே 'கொழுப்பு மாத்திரை' என்று வருவதெல்லாம் அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரைகளைத்தான்.

வயது 54. எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 168 இருந்ததால் அட்டார்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள், நடக்கவும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்து, முதல் நாளிலிருந்தே தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். ஆறு வாரம் ஆகிறது. மூன்று வாரமாக இரண்டு தொடையும் வலிக்கிறது. 'அந்த மாத்திரை சதையைத் தின்றுவிடும், நிறுத்து' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரையை விடுவதா, நடையை விடுவதா?
— வாசகர், பாலக்கோடு

இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியதுதான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம். இப்போது யார்மீது பழி போடுவது என்று உங்களுக்கும் தெரியவில்லை, உங்கள் டாக்டருக்கும் உடனே தெரியாது. பல வருடம் நடக்காத கால்கள் ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால், மாத்திரை இல்லாவிட்டாலும் வலிக்கத்தான் செய்யும்.

முதலில் வலியின் குணத்தைப் பாருங்கள். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில் மந்தமாக, கனமாக, சதை வெந்ததுபோல் தெரியும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய பன்னிரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும். இரண்டு நாள் ஓய்வெடுத்தாலும் மாறாது. நடையால் வரும் வலி வேறு மாதிரி. நடந்த மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் உச்சத்துக்குப் போகும், அமுக்கினால் வலிக்கும், ஓய்வு கொடுத்தால் நான்கைந்து நாளில் வடியும். ஒரு பக்கம் மட்டும் வலித்தால், முழங்கால் மூட்டுக்குள் வலித்தால், இடுப்பிலிருந்து 'நரம்பு இழுக்கிற' மாதிரி கால்வரை ஓடினால், மாத்திரைமேல் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது.

உங்கள் வலி இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மாத்திரையை அப்படியே தொடருங்கள். நடையை ஒரு வாரத்துக்கு நிறுத்துங்கள். வலி போய்விட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது. பிறகு பத்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாவது வாரத்தில் முப்பது நிமிடம் வந்துவிடும். அதுவே வாரத்துக்கு 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. வேகத்துக்கு மீட்டர் தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

ஒரு வார ஓய்வுக்குப் பிறகும் வலி அப்படியே இருந்தால், நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் சி.பி.கே., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்வார். தைராய்டு குறைவாக இருந்தால் அதுவே கொழுப்பையும் ஏற்றும், தசைவலியும் தரும். கொழுப்பு மாத்திரை தரும் தசைத் தொல்லையையும் அதிகமாக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வீண். எல்லாம் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால், டாக்டர் மாத்திரையை இரண்டிலிருந்து நான்கு வாரம் நிறுத்திப் பார்ப்பார். அப்போதும் வலி இருந்தால் மாத்திரை நிரபராதி. வலி போய்விட்டால் குறைந்த அளவிலோ வேறு ஸ்டாட்டினிலோ மறுபடி தொடங்குவார். அட்டார்வா, ரோசுவா இரண்டும் உடலில் நெடுநேரம் நிற்பவை என்பதால், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு. எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மருந்தை 10 மி.கி. சேர்த்து ஸ்டாட்டினின் அளவைக் குறைப்பது இன்னொரு வழி.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேரை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பாட்டில்: நான்கில் நிஜ மாத்திரை, நான்கில் அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை, நான்கு காலி. மாதம் ஒரு பாட்டில். தினமும் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். காலி மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரையில் 15.4, நிஜ மாத்திரையில் 16.3. அதாவது மாத்திரை சாப்பிடுவதால் வந்த தொல்லையில் சுமார் தொண்ணூறு சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம்தான், அதைத் தந்தது பெரும்பாலும் மருந்து அல்ல. 'சதையைத் தின்னும்' என்று தினமும் காதில் ஓதினால், சாதாரணக் கால்வலிகூடப் பெரிதாகத் தெரியும்.

கிருஷ்ணகிரி கோட்டை மலைக்கும், வருடத்துக்கு இரண்டு முறை தீர்த்தமலைக்கும் ஏறுவது வழக்கம். ரோசுவாஸ்டாட்டின் 10 போட ஆரம்பித்த பிறகு மலை ஏறக் கூடாது என்று வீட்டில் தடுக்கிறார்கள். வயது 47, வேறு வியாதி இல்லை.
— வாசகி, கிருஷ்ணகிரி

ஏறலாம். கவனம் இறங்கும்போதுதான் வேண்டும்.

ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், சதை அதிகம் அடிபடாது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது, வண்டியில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குவது மாதிரி. தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் இதில்தான் அதிகம் விழும். அதனால்தான் மலையிறங்கிய மறுநாள் படிக்கட்டில் கால் வைக்க முடிவதில்லை. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் இதே கதை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் படி இறங்கிப் பழகுங்கள்; முதல் வாரம் ஐம்பது படி, அடுத்து நூறு, அடுத்து இருநூறு. ஒருமுறை இந்த வேலையைப் பழகிய தசை, அடுத்த முறை அதே அளவுக்கு அடிபடாது. இறங்கும்போது குதிகாலைத் தட்டித் தட்டி ஓடாதீர்கள். சின்ன அடியாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள். கையில் ஒரு தடி நிஜமாகவே உதவும். சித்திரை, வைகாசியில் பாறை சூடேறுவதற்குள் கீழே வந்துவிடுங்கள். வெயிலில் உடல்நீர் வற்றிய நிலையில் தசை அடிபடுவதுதான் சிறுநீரகத்துக்கு ஆகாது.

நெதர்லாந்தில் நான்கு நாள் தொடர்ந்து தினமும் 30, 40, 50 கிலோமீட்டர் என்று நடக்கும் ஒரு பெரிய நடைவிழா உண்டு. அதில் நடந்த ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வந்தது. தசைச் சேதத்தைக் காட்டும் அளவுகள் எல்லோருக்கும் கூடின. ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் தனியாகக் கூடவில்லை. ஏற்கனவே தசைவலி இருந்தவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அது சமவெளி நாடு, மிதமான வேகம். ஓட்டப் பந்தயத்துக்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் இதையே அப்படியே பொருத்திவிட முடியாது.

வயது 32, ஓசூரில் தொழிற்சாலை வேலை. அப்பாவுக்கு 44 வயதில் மாரடைப்பு. எனக்கு எல்.டி.எல். 232, ரோசுவாஸ்டாட்டின் 20 சாப்பிடுகிறேன். ஜிம்மும் போகிறேன். போன ஞாயிறு கால்களுக்கான பயிற்சி செய்தேன், செவ்வாய் ரத்தம் கொடுத்தேன். சி.பி.கே. 1,460 (200 வரை நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது). லேபில் ஒருவர் 'கிட்னி கெட்டுவிட்டது, கிரியேட்டின் பவுடர்தான் காரணம்' என்றார். பயமாக இருக்கிறது.
— வாசகர், ஓசூர்

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். கிரியேட்டின் என்பது நீங்கள் சாப்பிடும் பவுடர். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அளப்பது அதைத்தான். சி.பி.கே. என்பது தசைக்குள் இருக்கும் ஒரு நொதி. தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். மூன்றுக்கும் பெயர் ஒட்டி இருக்கிறது, வேலை வேறு. உங்கள் ரிப்போர்ட் தசை அடிபட்டிருக்கிறது என்று சொல்கிறது. சிறுநீரகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு கால் பயிற்சி, செவ்வாய் ரத்தம்: இந்தக் கணக்கில் சி.பி.கே. ஏறாவிட்டால்தான் ஆச்சரியம். கடுமையான பயிற்சிக்குப் பிறகு அது ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் உச்சம் தொடும். இறங்க ஒரு வாரம்கூட ஆகும். பளு தூக்குபவர்களுக்கு மாத்திரை எதுவும் இல்லாமலே ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். அதனால்தான் இந்தச் சோதனைக்கு முன் குறைந்தது மூன்று நாள் ஜிம், கனமான வேலை, ஊசிமருந்து எதுவும் இல்லாமல் வரச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. வெறும் வயிற்றில் வரச் சொல்ல மறக்காதவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

என்றாலும் அளவு நார்மலைப்போல் ஏழு மடங்கு. கவனிக்காமல் விடக் கூடாது. மாத்திரை எழுதிய டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். தசைவலியும் நான்கு மடங்குக்கு மேல் சி.பி.கே.யும் சேர்ந்திருந்தால், சில நாளைக்கு மாத்திரையை நிறுத்திவைத்து மறுபடி பார்ப்பதே வழக்கம். ஒரு வாரம் ஜிம் வேண்டாம், சாதாரண நடை போதும். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். ஏழாவது நாள் சி.பி.கே.யோடு கிரியேட்டினினும் சிறுநீர்ச் சோதனையும் பாருங்கள். இரண்டாவது அளவு சரசரவென்று இறங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். வலிக்காக டைக்ளோஃபினாக் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அடிபட்ட தசைக் கழிவை வெளியேற்றிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு சுமை.

எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு அல்லது கோலா நிறத்துக்கு மாறினால், தொடை வீங்கி இறுகினால், வலியைவிட பலவீனம் அதிகமாகி எழுந்து நிற்கவே முடியாமல் போனால், சி.பி.கே. நார்மலைப்போல் பத்து மடங்கு தாண்டினால், மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், இரவானாலும் சரி. தசை பெரிய அளவில் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. ஸ்டாட்டினால் வருவது மிக மிக அபூர்வம். ஓராண்டு சாப்பிடும் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து முதல் நாளே நூறு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போடுகிறவர்களுக்கு, மாத்திரையே இல்லாமலும் இது வருவதுண்டு.

ஜிம்முக்குத் திரும்பும்போது முன்பு தூக்கிய எடையில் பாதி, இரண்டு செட். ஒரே தசைக்கு இரண்டு பயிற்சிக்கு நடுவில் 48 மணி நேரம் இடைவெளி. எடையோ எண்ணிக்கையோ, வாரத்துக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கிரியேட்டின் பவுடரைச் சோதனை முடியும்வரை நிறுத்திவையுங்கள். அது கிரியேட்டினின் அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டி டாக்டரைக் குழப்பும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முக்கியம். எல்.டி.எல். 190-க்கு மேல், அப்பாவுக்கு இளவயதில் மாரடைப்பு என்றால் இது பரம்பரைக் கொழுப்பு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு ஜிம்மைவிட மாத்திரை அவசியம். உடன்பிறந்தவர்கள், குழந்தைகள் எல்லோருக்கும் ஒருமுறை கொழுப்புச் சோதனை செய்துவிடுங்கள்.

பென்னாகரம் பக்கம் விவசாயம். வயது 61. விடிந்தால் மாடு, வயல், மருந்தடிப்பு. 'தினமும் வாக்கிங் போ' என்கிறார் டாக்டர். நாள் முழுக்க நடக்கிறவன் தனியாக வேறு நடக்க வேண்டுமா? கொழுப்பு மாத்திரை போட்ட பிறகு இடுப்பும் கழுத்தும் விறைத்துக்கொள்கின்றன.
— வாசகர், பென்னாகரம்

உங்கள் வேலையும் உடற்பயிற்சிதான், அதில் சந்தேகமில்லை. டாக்டர் கேட்பது வேறொன்று. குனிந்து களை பறிப்பதில் இடுப்பு நோகும், இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற மாதிரி இடைவிடாமல் பத்து நிமிடம் கை வீசி நடக்கிறீர்களா என்று பாருங்கள். வயலுக்குப் போகும் வழியையே வேகமாக நடந்தால் கணக்கு முடிந்தது. செருப்பு மட்டும் நல்லதாக இருக்கட்டும். உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து சோம்பலில் இல்லை, திடீர் பாரத்தில் இருக்கிறது. மாங்காய் அறுவடை சமயத்தில் வருடம் முழுக்கத் தூக்காத கூடைகளை ஒரே வாரத்தில் தூக்குவதும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை முடித்துவிட்டு இரவு சாராயம் குடிப்பதும், சதைக்கும் ஆகாது, கல்லீரலுக்கும் ஆகாது.

இடுப்பும் கழுத்தும் விறைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஸ்டாட்டின் தசையில் வலி தரும். முதுகெலும்பை விறைக்க வைக்காது. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறையும், வயதானபின் எலும்பு விறைப்பும் மூட்டுவலியும் வருவது இங்கே பழைய கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியவில்லை, குனிந்து கால் விரலைத் தொட முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது என்றால் டாக்டரிடம் 'ஃபுளோரைடாக இருக்குமா' என்று நீங்களே கேளுங்கள். ஓர் எக்ஸ்ரே, குடிநீர்ச் சோதனை இரண்டும் வழி காட்டும். லிட்டருக்கு 1 மி.கி. வரைதான் நல்லது, 1.5-ஐத் தாண்டிய தண்ணீரைக் குடிக்கவே கூடாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். வயலில் வேலை செய்யும்போதும் ஒகேனக்கல் தண்ணீரையே குடத்தில் கொண்டுபோங்கள். ஆட்கள் ஏமாறுவது இங்கேதான், வீட்டில் நல்ல தண்ணீர், வயலில் போர் தண்ணீர்.

விறைப்பு இருக்கும்வரை கழுத்தைச் சுழற்றும் பயிற்சி, தலைச்சுமை இரண்டும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பிறகு மெதுவாகக் கழுத்தை இடம், வலம் திருப்பி ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். வலிக்கிற இடத்தைத் தாண்டித் தள்ளாதீர்கள்.

அப்பாவுக்கு 66. இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தது. சுகர் உண்டு, பீடியை இன்னும் முழுதாக விடவில்லை. ஒரே கேப்ஸ்யூலில் கொழுப்பு மருந்தும் ரத்தம் உறையாமைக்கான மருந்துகளும் இருக்கின்றன. இருநூறு மீட்டர் நடந்தால் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிறது. மாத்திரையால்தான் என்று சொல்லி ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை.
— வாசகி, காரிமங்கலம்

இதைப் படித்த உடன் கேப்ஸ்யூலை மறுபடி ஆரம்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். டாக்டருக்கும் போன் செய்யுங்கள். அந்த ஒரு கேப்ஸ்யூலில் பெரும்பாலும் ரோசுவாஸ்டாட்டினோடு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் இருக்கும். கால்வலிக்காகக் கொழுப்பு மருந்தை நிறுத்துவதாக நினைத்து, ஸ்டென்ட் அடைக்காமல் காக்கும் மருந்தையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். கூட்டு மாத்திரையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. உண்மையிலேயே கொழுப்பு மருந்தை மாற்ற வேண்டி வந்தால், டாக்டர் மற்ற இரண்டையும் தனி மாத்திரையாக எழுதிக் கொடுப்பார்.

கால்வலிக்கும் ஸ்டாட்டினுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஒரே காலில், ஒரே தூரத்தில் பிடித்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விடும் வலி, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியதன் அடையாளம். இதயத்தில் நடந்ததே காலிலும் நடக்கிறது. கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வருவது 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று அர்த்தம். இதய மருத்துவரையோ ரத்தநாள மருத்துவரையோ பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு மருந்தே நடைதான். எங்கள் இருவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. வலி நடுத்தர அளவுக்கு வரும்வரை நடக்க வேண்டும், நின்று முழுதாக விடும்வரை ஓய்வு, மறுபடி நடை. ஓய்வையும் சேர்த்து முப்பதிலிருந்து ஐம்பது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு வாரம். இருநூறு மீட்டர் பெரும்பாலும் கணிசமாக நீளும். நின்று ஓய்வெடுக்கத் திண்ணையோ பெஞ்சோ உள்ள வழியாகப் பாருங்கள். சுகர் இருப்பதால் வெறுங்காலில் நடக்கவே கூடாது. திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பீடியை விடாமல் இதில் எதுவும் உருப்படியாகாது. இரவில் படுத்திருக்கும்போதும் கால் வலித்தால், விரல் கறுத்தால், புண் ஆறாவிட்டால் தாமதிக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது இடது கைக்கு ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். நின்றதும் போய்விட்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 108.

படர்தாமரைக்குத் தோல் டாக்டர் ஒரு மாதத்துக்கு இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார். அட்டார்வாஸ்டாட்டின் 40 ஏற்கனவே போகிறது. சேர்த்துச் சாப்பிட்டால் நடைக்கு ஏதும் தொந்தரவா?
— வாசகர், ஊத்தங்கரை

நடைக்கு மட்டும் இல்லை. சாப்பிடுவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. அட்டார்வாவையும், இன்னொரு ஸ்டாட்டினான சிம்வாஸ்டாட்டினையும் உடலிலிருந்து அகற்றும் கல்லீரல் நொதியை இட்ராகோனசோல் கட்டிப்போடுகிறது. மாத்திரை 40 என்றாலும் ரத்தத்தில் அதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தேங்கும். தசை பாதிப்பு வருவது இப்படிப்பட்ட சேர்க்கையில்தான் அதிகம். தோல் டாக்டரிடம் அட்டார்வா சாப்பிடுவதைச் சொல்லுங்கள். மருந்து முடியும்வரை அட்டார்வாவை நிறுத்திவைக்கவோ குறைக்கவோ சொல்லலாம். இந்த நொதியைச் சார்ந்திராத ரோசுவாவுக்கு மாற்றலாம். அல்லது படர்தாமரைக்கே வேறு மருந்து தரலாம். இட்ராகோனசோல் நிறுத்திய பிறகும் சில நாள் உடலில் தங்கும் என்பதால், எப்போது மறுபடி தொடங்குவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதே வம்பு செய்கிறவை: நெஞ்சுச் சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், கவுட் வாதத்துக்குத் தரும் கோல்சிசின், கொழுப்புக்கே தரும் ஜெம்ஃபைப்ரோசில். பம்பளிமாஸ் பழமும் இந்தப் பட்டியலில் உண்டு. எப்போதாவது இரண்டு சுளை பரவாயில்லை, தினமும் ஒரு பழம் வேண்டாம். மாம்பழத்துக்குத் தடையில்லை என்று சொல்லிவிடுகிறோம். கிருஷ்ணகிரி ஜில்லாவில் அதையும் தடுத்தால் யாரும் இந்தப் பகுதியைப் படிக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு 72. ரோசுவாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பு 90-ஐத் தாண்டவே இல்லை, அதனால் இன்னும் வேகமாக நடக்கச் சொல்கிறான் பேரன். சரியா?
— வாசகர், அரூர்

பேரனிடம் கடிகாரத்தை வாங்கி வைத்துவிடுங்கள். மெட்டோப்ரோலாலின் வேலையே துடிப்பை அடக்குவது. அது சாப்பிடுகிறவருக்கு உச்சத் துடிப்புக்குச் சொல்லும் '220 கழித்தல் வயது' கணக்கு செல்லாது. முன்பு சொன்ன பேச்சுக் கணக்கே போதும்.

அம்மாவுக்கு நாங்கள் அதிகம் கவலைப்படுவது சுகர் மாத்திரையான கிளிமிபிரைடைப் பற்றித்தான். வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சுகர் தாழ்ந்துவிடும். படபடப்பு என்ற எச்சரிக்கையை மெட்டோப்ரோலால் மறைத்தும்விடும், வியர்வை மட்டும்தான் தெரியும். நடக்குமுன் சுகர் 100-க்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் கேழ்வரகுக் கூழோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். வழியில் திடீரென்று வியர்த்துக் கொட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். மிட்டாய்க் கடை இனிப்பு வேண்டாம், அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இடுப்பு முடிச்சில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

எழுபதைத் தாண்டியவருக்கு நடையைப் போலவே தொடை பலமும் வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட, கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருவது: எட்டு முறை, ஓய்வு, மறுபடி எட்டு, வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இடைவெளி விட்டு. இதுவே நல்ல சோதனையும்கூட. போன மாதம் எட்டு முறை எழுந்தவர் இந்த மாதம் நான்கில் தடுமாறினால், அல்லது பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்கக் கை தூக்க முடியவில்லை என்றால், வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். தசையில் வலியைவிட பலவீனத்துக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம்.

மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்தால் (2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது) பிரஷரையும் சுகரையும் பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு அமைத்த எட்டு கிலோமீட்டர் நடைபாதையில் ஆறு மாதமாக நடக்கிறேன். எல்.டி.எல். 160-லிருந்து 78-க்கு வந்துவிட்டது. மாத்திரையை விட்டுவிடலாமா?
— வாசகர், தர்மபுரி

78 வந்தது மாத்திரையால். நடை டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பைக் குறைக்கும், நல்ல கொழுப்பைச் சற்று ஏற்றும், பிரஷர், சுகர், எடை எல்லாவற்றுக்கும் உதவும், ஆனால் எல்.டி.எல்.-ஐ நடை மட்டும் குறைப்பது கொஞ்சம்தான். மாத்திரையை விட்டால் சில வாரத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நடையை விட்டாலும் 78 அப்படியே இருக்கலாம், உங்கள் இதயம் அப்படி இருக்காது.

ராயக்கோட்டையில் தக்காளி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு மண்டி. ராத்திரி போட வேண்டிய ரோசுவாவை அடிக்கடி மறந்துவிடுகிறேன். வயிற்றெரிச்சலுக்கு ஜெலுசில் வேறு குடிக்கிறேன்.
— வாசகர், ராயக்கோட்டை

ராத்திரிதான் போட வேண்டும் என்பது சிம்வாஸ்டாட்டினுக்கான விதி. ரோசுவா, அட்டார்வா இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம், சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. மண்டியிலிருந்து வந்து காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். ஜெலுசில் போன்ற திரவ மருந்து ரோசுவா உடலில் சேருவதைக் குறைக்கும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் வழக்கமான ஒன்று மட்டும், இரண்டாகப் போட வேண்டாம்.